கடைசி வரிசைக் குப்பை

பல்லக்கா பொய்ப்பல் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்பிவைப்பார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் அடுக்கி, முழு செட்டாகத் திருப்பி அனுப்புவாள். இருபத்திரண்டு வருட அனுபவம். தெருவில் பாதிப் பேர் அவள் செய்த பல்லில்தான் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் இன்னமும் சொந்தப் பல்லில் சிரிப்பது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் என்று அவள் கணவர் சொல்லுவார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். பக்கத்து சீட்டில் பயந்துகொண்டே உட்கார்ந்து பழகியதால், எதையும் கிண்டலாகச் சொன்னால்தான் அவருக்கு உயிர் தங்கும்.

இது தெரு அறிந்த பல்லக்கா. கம்ப்யூட்டர் வழியாக உலகம் அறிந்த பெயர் வேறு. அங்கே அவள் ‘கடைவாய்’.

அந்த உலகம் ரொம்பச் சின்னது. ஆமை என்று ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனி அதைச் செய்து விற்று, இரண்டே வருடத்தில் கடையைக் கட்டிவிட்டது. முதுகு மேடாக இருக்கும், வேலை மெதுவாக நடக்கும், ஆகவே ஆமை. கம்பெனி வைத்த பெயர் இப்போது கம்பெனிக்காரர்களுக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். அதை இன்னமும் தூசி தட்டி வைத்துக்கொண்டு அதற்கு புரோகிராம் எழுதும் பைத்தியங்கள் மொத்தம் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். அந்த முந்நூறில் பாதிக்கு மேல் எழுதக் கற்றுக்கொண்டது கடைவாயின் நாற்பத்திரண்டு பாடங்களை வைத்துத்தான்.

பாடம் எழுத வேண்டும் என்று அவள் திட்டம் போடவில்லை. ஓர் அலுவலகம் காலி செய்தபோது தூக்கிப் போட இருந்த ஆமையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கூடவே வந்த புத்தகம், எல்லாம் தெரிந்தவர்கள் எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டித் தடவி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, தன் பல் லேபுக்குப் புதிதாக வரும் பெண்ணுக்குச் சொல்லுகிற மாதிரி எழுதிவைத்தாள். “இதை அடியுங்கள். இப்போது இது தெரியும். தெரியவில்லையா? பயப்படாதீர்கள், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.” அப்படியே நாற்பத்திரண்டு பாடம் ஆகிவிட்டது. ஏழு வருடம்.

பாடங்கள் குடியிருந்தது வேறு யாருடைய இடத்திலும் இல்லை. வீட்டு வாசலுக்குள் நுழைந்ததும் செருப்பு ஸ்டாண்டு, அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதில்தான் அந்த இணையதளம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்கும் நாத்தனாரின் அயர்ன் பாக்ஸுக்கும் ஜென்மப் பகை. நாத்தனார் ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். உடையில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டின் பழைய வயரிங்கில் அவள் அயர்ன் பாக்ஸைச் செருகினால் செருப்பு ஸ்டாண்டு பக்கம் கரண்ட் போய்விடும். பல்லக்கா சண்டை போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், கடைசியில் தளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டாள்: “ஞாயிறு காலை இந்தத் தளம் திறக்காவிட்டால், அயர்ன் போடுகிறார்கள் என்று அர்த்தம். ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள்.” எங்கெங்கோ இருந்த ஆமைக்காரர்கள் அதை மழை, வெயில் மாதிரி ஏற்றுக்கொண்டார்கள்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் அந்தக் கடிதம் வந்தது. சுத்தியல் என்ற பெயரில் ஒருவர் எழுதியிருந்தார். முன்பின் தெரியாதவர்.

“ஐயா, பாடம் நான்கு. திரையின் கடைசி வரிசையில் குப்பை வரும் என்கிறீர்கள். எனக்கு வரவில்லை. அதைத் துடைக்கும் வரியை நீக்கிப் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. மூன்று முறை சோதித்தேன். விளக்கம் தேவை.”

நாலாம் பாடம் படம் வரைவது பற்றியது. ஆமையில் படம் வரையத் தொடங்கினால் திரையின் கடைசி வரிசையில் கண்ட எழுத்தும் கண்ட புள்ளியுமாகக் குப்பை வந்து நிற்கும். அது ஆமையின் சுபாவம். முதலில் நாற்பது வெற்றிடங்களை அடித்து அதைத் துடைத்துவிடுங்கள், அப்புறம் வரையுங்கள் என்று அவள் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு வந்த முப்பத்தெட்டு பாடங்களிலும் முதல் வரி அந்தத் துடைக்கும் வரிதான்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். ஞாயிறு மத்தியானம் ஆமையின் முதுகைக் கழற்றினாள். உதிரிக்காக வாங்கிப் போட்டிருந்த இன்னொரு செத்த ஆமையிலிருந்து, திரையைக் கவனிக்கும் சில்லை மட்டும் பிடுங்கித் தன்னுடையதில் மாற்றிப் பொருத்தினாள். கழற்றிய பழைய சில்லில் ஒரு கால் அரித்துக் கறுத்திருந்தது. துடைக்கும் வரி இல்லாமல் ஓட்டினாள். கடைசி வரிசை கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. குப்பை இல்லை. துடைக்கும் வரியைச் சேர்த்து ஓட்டினாள். துடைக்க ஒன்றும் இல்லாததால் அந்த வரிசை ஒரே ஒரு தடவை கண் சிமிட்டியது, அவ்வளவுதான்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுபாவமாவது மண்ணாங்கட்டியாவது. பழுது அவளுடைய ஒரே ஓர் ஆமையில் இருந்திருக்கிறது, அதை ஆமை இனத்துக்கே பொதுவாக்கிப் பாடம் நடத்தியிருக்கிறாள்.

அவள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது. பல் செட்டை முதலில் மெழுகில் அடுக்கி டாக்டருக்கு அனுப்புவாள். அவர் அதை நோயாளியின் வாயில் வைத்துப் பேசச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, கடிக்கச் சொல்லிப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அவள் முடித்துக் கொடுப்பாள். வாயில் வைத்துப் பார்க்காமல் ஒரு செட்டும் அவள் கையை விட்டுப் போனதில்லை. அப்படிப்பட்டவள் நாற்பத்திரண்டு பாடங்களையும் தன் ஒரு வாயில் மட்டும் வைத்துப் பார்த்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறாள்.

“ஏங்க, எல்லாத்தையும் எடுத்துடலாம்னு இருக்கேன்,” என்றாள் கணவரிடம்.

“எதை?”

“பாடத்தை. நாப்பத்திரெண்டையும். தப்புத் தப்பா சொல்லிக் குடுத்திருக்கேன்.”

அவர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “என்கிட்ட கத்துக்கிட்ட ஒருத்தன் போன மாசம் போலீஸ் ஸ்டேஷன் சுவத்துலயே கொண்டுபோய் மோதினான். நான் என்ன ஸ்கூலையா மூடிட்டேன்?”

“அது அவன் தப்பு. இது நான் சொல்லிக் குடுத்த தப்பு. நீங்க பிரேக்குன்னு சொல்லி ஆக்சிலரேட்டரைக் காட்டியிருந்தா சும்மா இருப்பீங்களா?”

 

“அப்போ அண்ணி, இனிமே நான் எப்ப வேணா அயர்ன் பண்ணலாமா?” என்று கேட்ட நாத்தனார், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும், “இல்ல இல்ல, சும்மா கேட்டேன்,” என்று அயர்ன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுத்தியலுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. பத்து முறை எழுதிப் பத்து முறை அழித்தாள். கடைசியில் எழுதவே இல்லை. இதற்கு நடுவில் இன்னொரு சிக்கல். ஆமைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை எங்காவது கூடுவார்கள். அந்த வருடம் அவள் ஊரின் நூலகத்து மாடியில், ஒரு ஞாயிறு காலை கூட்டம். ஏற்பாடு செய்தவர் அந்த நூலகர்தான், அவரும் ஓர் ஆமைக்காரர். “இந்த முறையாவது கடைவாய் ஐயா முகத்தைக் காட்ட வேண்டும்” என்று அவர் எழுதியிருந்தார். அவளும் தலைகால் புரியாமல் சம்மதித்து, புதுச் செருப்புகூட வாங்கி வைத்திருந்தாள்.

“நான் போகல,” என்றாள்.

“போ,” என்றார் கணவர். “ஒரு பல் செட்டு சரியில்லன்னா போட்டிருக்கறவங்க முகத்தைப் பாத்துதானே சொல்லுவே? அதே மாதிரி சொல்லிட்டு வா. சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வந்து கூட்டிட்டு வரேன். வீட்டுக்கு வந்து நீயே உன் கையால எல்லாத்தையும் எடுத்துடு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.”

ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்னதே அவளுக்குப் பயமாக இருந்தது.

நூலகத்து மாடியில் நீள நீளமாக மேஜைகள். அவற்றின் மேல் இருபத்து மூன்று ஆமைகள். அத்தனை ஆமைகளை ஒரே இடத்தில் பார்த்ததும் துக்கமெல்லாம் மறந்து பல்லக்காவின் வாய் தானாகச் சிரித்துவிட்டது. உடனே ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். யார் என்று கேட்ட நூலகரிடம், “சும்மா பாக்க வந்தேங்க,” என்று சொல்லிவிட்டு மேஜை மேஜையாக நடந்தாள்.

முதல் மேஜையில் ஒரு பேக்கரிக்காரர் உட்கார்ந்திருந்தார், சட்டைக் கையில் இன்னும் மாவு. அவர் எழுதிய விளையாட்டில் ரொட்டிகள் மேலிருந்து விழும், கூடையால் பிடிக்க வேண்டும். அவர் அதை ஓட்டினார். திரையின் கடைசி வரிசை ஒரு தடவை கண் சிமிட்டியது, அப்புறம்தான் ரொட்டி விழ ஆரம்பித்தது.

பல்லக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த மேஜையில் ஒரு கடிகாரம், அதுவும் சிமிட்டியது. அதற்கடுத்ததில் ரயில். அதற்கடுத்ததில் யாரோ தன் மகளுக்காகச் செய்த வாய்ப்பாடு. எல்லாம் ஒரு சிமிட்டல், பிறகு வேலை. அறை முழுக்க அவளுடைய தப்பு விளக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து பேக்கரிக்காரரிடம் கேட்டாள். “இது ஏங்க கீழே ஒரு தடவை சிமிட்டுது?”

“அதுவா மேடம்? ஆமை கண் முழிக்குது. கண்ணு முழிக்காம எப்படி வேலை பாக்கும்?” அவர் பெருமையாகச் சொன்னார். “வேற கம்ப்யூட்டர்ல எல்லாம் இது கிடையாது.”

அப்போது நூலகர் முன்னால் வந்து நின்று கைதட்டினார். எல்லோரும் வந்தாகிவிட்டது, கடைவாய் ஐயாவை மட்டும்தான் காணோம், இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்றார். எல்லோரும் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஞாயித்துக்கெழம காலையிலே கூப்பிட்டா எப்படிங்க? அயர்ன் போடுறாங்களோ என்னமோ!” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூட்டமே கொல்லென்று சிரித்தது.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஓர் அடி முன்னால் வந்தாள். “அயர்ன் எல்லாம் போட்டாச்சுங்க. நான்தான்.”

 நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். பேக்கரிக்காரர் மாவுக் கையோடு எழுந்து கும்பிடப் பார்த்து, நடுவில் கையை மாற்றி சல்யூட் அடித்துவிட்டார். ஆளாளுக்குச் சுற்றி நின்றுகொண்டு, ஐயாவா அம்மாவா என்று தங்களுக்குள் கலாட்டா செய்துகொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் கையைத் தூக்கி அடக்க வேண்டியிருந்தது.

“மொதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டா இவ்ளோ சந்தோஷப்பட மாட்டீங்க.”

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. குப்பை ஆமையின் சுபாவம் இல்லை, என் ஒரு மெஷினின் பழுது. உங்கள் எல்லார் புரோகிராமிலும் கண் சிமிட்டுவது என் தப்பு. ஏழு வருடமாக ஒரு மெஷினில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதில் இன்னும் எத்தனை தப்போ எனக்கே தெரியாது. “அதனால இன்னிக்கு சாயங்காலம் எல்லாப் பாடத்தையும் எடுத்துடப்போறேன். முகத்தைப் பாத்து மன்னிப்பு கேக்கணும்னுதான் வந்தேன்.”

 பேக்கரிக்காரர் தன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைசி மேஜையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஒல்லியான ஆள், மெல்லிய குரல். அவர் முன்னால் இருந்த ஆமை மட்டும் ஓடவில்லை. முதுகு திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் சின்னச் சின்னத் தட்டுகளில் வரிசையாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

“நான்தாங்க சுத்தியல்,” என்றார்.

பல்லக்கா திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயருக்கு அவள் மனதில் வைத்திருந்தது மீசையும் தோளுமான ஓர் ஆளை.

“என் கடுதாசி உங்களுக்கு வந்துதுங்களா?”

“வந்துச்சு. பதில் எழுத மூஞ்சி இல்ல. நீங்க கேட்டது நியாயம். தப்பைக் கண்டுபிடிச்சது நீங்கதான்.”

“நான் எங்கங்க கண்டுபிடிச்சேன்?” அவர் நிஜமாகவே குழம்பிப் போனார். “தப்பு என் மெஷின்லன்னுதானே நான் நெனச்சிட்டு இருக்கேன்! மொத மூணு பாடமும் நீங்க சொன்னபடி புள்ளி பிசகாம நடந்துச்சு. நாலாவது நடக்கலன்னா அப்போ கோளாறு என்கிட்டதானே? எல்லாருக்கும் வர்ற குப்பை எனக்கு மட்டும் ஏன் வரலன்னு நானும் மூணு வாரமா தேடுறேன். ரெண்டு சில்லு மாத்தினேன். வயரை எல்லாம் கழட்டி மாட்டினேன். குப்பை வரவே மாட்டேங்குது.”

“குப்பை வரணும்னு சொல்லியா ரிப்பேர் பண்ணீங்க?”

“ஆமாங்க. நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற ஆளு. ஒண்ணும் புரியலன்னதும்...” அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு பைக்குள்ளிருந்து ஒரு பெரிய உறையை எடுத்தார். “பெரிய டாக்டர்கிட்ட சொல்லி அனுமதி வாங்கிட்டு, ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டேன்.”

உறைக்குள் ஆமையின் எக்ஸ்ரே. மேடான முதுகு, உள்ளே வரிசை வரிசையாக எலும்பு மாதிரி சில்லுகளின் கால்கள். ஓரத்தில், நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில், கம்ப்யூட்டர் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

 பல்லக்கா அதை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். தினமும் பல் எக்ஸ்ரே பார்க்கிறவள்; கை தானாகவே அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தது. மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக, ஒரு காலையும் விடாமல் பார்த்தாள். திரையைக் கவனிக்கும் சில்லின் கால்கள் வரிசையாக, நேராக, ஒன்றும் கறுக்காமல் நின்றன. தன்னுடைய பழைய சில்லில் எந்தக் கால் கறுத்திருந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஒண்ணும் இல்லைங்க,” என்றாள்.  “உங்க மெஷின் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.”

சுத்தியலின் தோள்கள் தளர்ந்தன. “அப்பாடா! இதை நீங்க சொல்லணும்னுதாங்க மூணு வாரமா காத்துக்கிட்டிருந்தேன்.”

பல்லக்காவுக்குக் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. கூடவே அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. அவள் சிரித்ததும் அறையே வெடித்தது. பேக்கரிக்காரர் மேஜையைத் தட்டிக்கொண்டு கத்தினார்: “நான் மொதல்ல வாங்கின ஆமையில குப்பை வரலன்னு, ஏமாத்திட்டான்னு சொல்லி வித்தவன்கிட்ட சண்டை போட்டுத் திருப்பிக் குடுத்துட்டேங்க! பாவம் அந்த மனுஷன்! இதுலயும் வரல, சரி போன்னு விட்டுட்டேன்!” நூலகர், தன் ஆமையில் குப்பை வரவில்லை என்று யாரிடமும் சொல்லாமல், பார்க்கிறவர்களுக்காகத் தானே குப்பை வருகிற மாதிரி ஒரு வரி எழுதிச் சேர்த்து, அதைத் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டார். அதைக் கேட்டு இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது பல்லக்காவுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. பாடங்களை எடுத்துவிட்டால், நல்ல மெஷினை வைத்துக்கொண்டு அது நோய்வாய்ப்பட்டிருக்கிறது என்று எங்கெங்கோ கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு யார் சொல்வது? எடுப்பது நேர்மை என்று அவள் நினைத்தது தப்பு. அது ஓடிப்போவது.

“யார்கிட்டயாவது என் பாடம் எல்லாம் இருக்கா?” என்று கேட்டாள்.

நூலகர் ஓடிப்போய் தடிமனான ஒரு கட்டைக் கொண்டுவந்தார். நாற்பத்திரண்டையும் அச்செடுத்துத் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார், இரவல் சீட்டோடு.

“எல்லாரும் உக்காருங்க. மொத்தப் பாடத்தையும் இன்னிக்கு வாயில போட்டுப் பாக்கப்போறோம். இருபத்து மூணு வாய் இருக்கு. எங்க கடிக்கலன்னாலும் கூச்சப்படாம சொல்லணும். எனக்கு மரியாதை குடுக்கறேன்னு எவனாவது வாயை மூடிக்கிட்டு இருந்தா தொலைச்சுடுவேன்.”

சுத்தியலின் ஆமையை நாலு பேர் சேர்ந்து பூட்டி முடித்தார்கள். கட்டில் இருந்த துடைக்கும் வரியை அவள் கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில், “இது என் மெஷினின் பழுது, உங்களுடையது நலம்” என்று பெரிதாக எழுதினாள். பேக்கரிக்காரர் மட்டும் தன் ரொட்டி விளையாட்டில் கண் முழிப்பதை எடுக்க முடியாது என்று அடம்பிடித்தார். அது உங்கள் இஷ்டம், காரணம் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும் என்று விட்டுவிட்டாள். ஏழாம் பாடத்தில் இன்னொரு தப்பு அகப்பட்டது. கண்டுபிடித்தவரை எல்லோரும் கைதட்டிப் பாராட்டினார்கள். ஒன்பதாவதில் ஒன்று.

கணவர் ஆறு மணிக்கு வந்து கதவருகே நின்றார். அழுத முகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தலையில் பேனாவைச் செருகிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தாள்.

“கிளம்பலாமா? வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் எடுக்கணும்னியே?”

“ஏங்க, மூணு தப்பு கெடச்சிருக்கு!” என்றாள், லாட்டரி விழுந்தவள் மாதிரி. பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நல்ல வேளை வந்தீங்க. இங்க எல்லாருமே தெரிஞ்சவங்க. மொத பாடத்தைப் போட்டுப் பாக்க ஒண்ணுமே தெரியாத ஆள் ஒருத்தர் வேணும்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தார்கள்.

ஏழு வருடமாக அந்த மெஷினைக் கிண்டல் செய்தவர், ஒரு தடவைகூட விரல் வைத்ததில்லை. இப்போது இருபத்து மூன்று பேர் சுற்றி நிற்க, காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடித்தார். மூன்று வரிதான். வேர்த்துவிட்டது.

“ஓட்டும் விசையை அழுத்துங்கள்னு போட்டிருக்கு. அது எங்க இருக்கு?”

யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். பல்லக்கா கையை நீட்டித் தடுத்தாள். அவர் விசைப்பலகை முழுக்கத் தேடினார். ஓட்டு என்று எந்த விசையிலும் எழுதியிருக்கவில்லை. ஓரத்தில் எழுத்தே இல்லாமல் ஒரு சிவப்பு விசை மட்டும் இருந்தது. அதுதான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பாடத்தில் அது சொல்லப்படவே இல்லை என்பது ஏழு வருடமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை.

“இதை எவன் கண்டுபிடிப்பான்? கத்துக் குடுக்கற லட்சணமா இது?” என்றார் அவர்.

பல்லக்கா தலையிலிருந்து பேனாவை எடுத்து முதல் பாடத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். “ஓரத்துல செவப்பா இருக்கு பாருங்க, அதுதான். அழுத்துங்க.”

அழுத்தினார். ஆமை கொஞ்சம் யோசித்தது. திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மெதுவாக ஏறி, பத்து வந்ததும் டிங் என்று ஒரு சத்தம் கேட்டது.

“ஏய்!” அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். “இந்தா பாரு, நான் பண்ணிட்டேன்! நானே பண்ணிட்டேன்!” சுத்தியலின் கையைப் பிடித்துக் குலுக்கினார், பேக்கரிக்காரரின் முதுகில் தட்டினார், யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கடைசியில் மனைவியிடமே திரையைத் திருப்பிக் காட்டினார். பிறகு மறுபடி உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவள் கையிலிருந்த கட்டைப் பிடுங்கி இரண்டாம் பாடத்தைத் திருப்பினார்.